மைனஸ் 30-லும் ஒரே அமுக்கு

கரடுமுரடான தரையிலும் ஓடுகிற நாலு சக்கர வண்டியான என் ஏடிவியின் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிலிக்கோன் பட்டை ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். டொரண்டோவிலிருந்து போன் பண்ணும் மச்சான் பேச்சை மாற்றுகிறார். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் இருப்பது வடக்கு ஒன்டாரியோவில், சட்பரியில். நிக்கல் சுரங்கங்களும் ஏரிகளுமான ஊர். ஜனவரி ராத்திரிகளில் குளிர் மைனஸ் 30-ஐத் தொடுவது இங்கே செய்தியே அல்ல. பனி கொட்டினால், நகராட்சியின் பெரிய வண்டி தெருவைச் சுத்தம் செய்கிற சாக்கில் நம் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை கட்டிவிட்டுப் போகும். கொஞ்ச நேரம் விட்டால் அது இறுகிவிடும், பிறகு கடப்பாரைதான். அதைத் தள்ளுவதற்கு ஏடிவியின் முன்னால் பிளேடு மாட்டியிருக்கிறேன். ஏரி நன்றாக உறைந்த பிறகு மீன் பிடிக்கப் போவதும் இதில்தான். ஆக, இந்த வண்டிக்கு முழு வேலை குளிர்காலத்தில். அப்போது பார்த்துத்தான் "க்ர்... க்ர்..." என்று இரண்டு முறை முனகிவிட்டு அது அடங்கிப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், ஏடிவி பிறந்ததே குளிர்காலத்துக்காகத்தான். பனி வந்தால் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று கடைக்காரர்கள் கேட்கப்போய், ஹோண்டாவின் பொறியாளர் ஒசாமு டக்கேயுச்சி கொழுத்த பலூன் டயர்கள் மூன்றை வைத்து ஒரு வண்டி செய்தார். 1970-ல் கடைக்கு வந்தது. 89 சிசி, 7 குதிரைசக்தி. நாலாவது சக்கரம் 1980-களில் சுசுகியின் புண்ணியத்தில் சேர்ந்தது.

சரி, வண்டி ஏன் முரண்டு பிடிக்கிறது? கேட்டால் எல்லோரும் பேட்டரியைத்தான் காட்டுவார்கள். பாதிதான் உண்மை. மைனஸ் 18-ல் சாதாரண ஈய அமில பேட்டரி தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என்ஜினுக்குள் இருக்கிற ஆயில் கெட்டிப்பட்டு, கிராங்கைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மார்கழியில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியிருக்கிறீர்கள் அல்லவா, அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பலம் பாதியானவன் இரண்டு மடங்கு சுமையைத் தூக்க வேண்டும். புது பேட்டரி வாங்கிப் போட்டால் சுமை குறையுமா என்ன?

சுமையைக் குறைக்க முதல் வழி ஆயில் டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறது. குளிரில் என்ஜினைச் சுழற்றவிடுமா என்ற சோதனையை 10W ஆயிலுக்கு மைனஸ் 25-ல் செய்கிறார்கள். 5W-க்கு மைனஸ் 30. 0W-க்கு மைனஸ் 35! வண்டிக் கையேடு அனுமதித்தால் கண்ணை மூடிக்கொண்டு குளிர்காலத்துக்கு 0W-40 சிந்தெடிக் ஊற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. அவற்றுக்கு டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' முத்திரை இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இப்போது என் ஆரஞ்சுப் பட்டைக்கு வருகிறேன். அடடா, என்ன ஒரு பொருள்! 150 வாட். வீட்டு பிளக்கில் செருகினால் ஆயில் தங்கும் அடிப்பாகத்தை மெதுவாகச் சுட வைக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சூடேற்றிகளும் கடையில் உண்டு. ஆனால் பெரும்பாலான ஏடிவிகளின் என்ஜின் அலுமினியம், காந்தம் பிடிக்காது. அதனால் பசையோடு வரும் பட்டைதான் சரி. அடித்தகட்டைக் கழற்றி, பிரேக் கிளீனர் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, வெதுவெதுப்பான கராஜில் வைத்து ஒட்ட வேண்டும். ஓரங்களில் சிலிக்கோன் பசை பூசிவிட்டால் தண்ணீர் புகாது. ஆயில் வடித்திருக்கும்போது மட்டும் மறந்தும் செருகக்கூடாது. டைமர் விடியற்காலை நாலு மணிக்குப் பட்டைக்கு மின்சாரம் கொடுத்துவிடும். ஆறு மணிக்கு நான் போய்ப் பொத்தானை அமுக்குவேன். ஒரே அமுக்கு! ஸ்டார்ட்டர் இழுக்கிற தொனியே மாறிவிட்டது. செப்டம்பர் மாதத்துச் சத்தம் அது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ஜினில் பொருத்தும் மின்சூடேற்றிக்கு 1949-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வின்னிபெக் பக்கம் போனால் கார்களின் மூக்கிலிருந்து பிளக் தொங்குவதைப் பார்க்கலாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் அத்தனையும் மின்சாரக் கார் என்று நினைத்து வியப்பார்கள்.

பேட்டரியை இதனால் அலட்சியம் செய்யலாம் என்று பொருள் இல்லை. ஓடாத நாட்களில் தானாக நிறுத்திக்கொள்ளும் சிறிய சார்ஜர் ஒன்றில் அதை மாட்டியே வைத்திருப்பேன். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி மைனஸ் 50 வரை உறையாது. காலியானது மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்து வெடிப்பு விட்டுவிடும். புதிதாக வாங்கினால் 'சிசிஏ' எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 18-ல் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் அது. லித்தியம் பேட்டரி எடை குறைவு, அழகு, எல்லாம் சரி. ஆனால் ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு அதைத் தட்டி எழுப்ப வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜும் செய்யக்கூடாது. எங்கள் ஊருக்கு அந்தச் செல்லப்பிள்ளை ஒத்துவராது.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியா? சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப் "ஊ..." என்று ஓய்ந்த பிறகு பொத்தானை அமுக்குங்கள், த்ராட்டிலைத் தொடவே தொடாதீர்கள், கணினிக்குத் தெரியும். கார்பரேட்டர் வண்டி என்றால் சோக்கை முழுதாக இழுக்க வேண்டும். கோடையில் வாங்கிய பெட்ரோலைத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். குளிர்காலத்துக்கென்று விற்பது எளிதில் ஆவியாகும், ஆவிதான் தீப்பிடிக்கும். பத்து விநாடிக்கு மேல் இழுக்காமல் ஸ்டார்ட்டருக்கு மூச்சு விட நேரம் கொடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் பாய்ந்துவிடக் கூடாது. சக்கரங்களுக்கு விசை கடத்தும் பெல்ட் விறைத்திருக்கும், புல்லியில் ஒட்டியும் இருக்கலாம். லோ கியரில் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பிரேக்கை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாசல் கரையைத் தள்ளிய கையோடு அணைத்துவிடவும் கூடாது. அரைகுறைச் சூட்டில் நிறுத்தினால் என்ஜினுக்குள் ஈரம் தங்கி ஆயில் பால் நிறமாகிவிடும். அந்த ஈரம் உறைந்து என்ஜினின் மூச்சுக்குழாயை அடைத்தால் ஆயில் சீலே பிதுங்கி வெளியே வரும். அதனால்தான் வாசல் வேலை முடிந்ததும் ஏரி வரைக்கும் ஒரு சுற்று போய் வருகிறேன். அரை மணி நேரம் ஓடினால் ஈரமெல்லாம் ஆவியாகிவிடும். தூண்டிலும் கூடவே வருவது என்ஜின் நலனுக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.