பெயின்ட்டுக்கு அடியில் ஒரு வி-8

பழைய அமெரிக்க மஸில் கார் எஞ்சின்கள் நாலைந்து ஒரே இடத்தில் விலைக்குக் கிடந்தால், கூட்டம் ஆரஞ்சு பெயின்ட் பளபளக்கும் எஞ்சினைச் சுற்றித்தான் நிற்கும். விஷயம் தெரிந்தவர் மூலையில் கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடப்பதை நோக்கிப் போவார். புதுப் பெயின்ட் எதையோ மறைக்கிறது என்று குற்றம் சாட்டவில்லை; அது எதையும் காட்டுவதில்லை, அவ்வளவுதான். அழுக்கோ எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். எந்த கேஸ்கெட்டில் எண்ணெய் கசிந்தது, தண்ணீர் எங்கே வழிந்து துருக்கோடு போட்டது, எந்த போல்ட்டின் தலை ஸ்பேனரே படாமல் கூர்மையாக இருக்கிறது, எது பலமுறை கழற்றி மாட்டி முனை மழுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். மாட்டுச் சந்தையில் தரகர் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இங்கேயும் பார்க்க வேண்டிய பற்கள் உண்டு.

உதாரணத்துக்கு செவ்ரலேயின் எல்எஸ்6-ஐ எடுத்துக்கொள்கிறேன். நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே போட்டிருந்த கட்டுப்பாடு 1970 மாடலோடு போயிற்று. உடனே செவெல் காருக்குள் 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர் வி-8 ஏறியது. எல்எஸ்5 வடிவில் 360 குதிரைத்திறன். எல்எஸ்6 வடிவில் 450. கம்ப்ரஷன் 11.25-க்கு 1. கிராங்க்கும் பிஸ்டன்களும் வார்த்தவை அல்ல, அடித்து உருவாக்கியவை. ஒவ்வொரு மெயின் பேரிங் கேப்புக்கும் நாலு போல்ட். ஆனால் காலம் இதற்குக் கருணை காட்டவில்லை. அடுத்த வருஷமே ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக நிறுவனம் தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இந்த வண்டிகள் சீந்துவாரற்றுப் போயின. எஞ்சினை இறக்கிப் படகில் பொருத்தியவர்கள், டிராக் ரேஸில் விரட்டி உடைத்தவர்கள், பிறகு கிடைத்த ஏதோ ஒரு எஞ்சினைப் போட்டு காரை ஓட்டியவர்கள் என்று கதை நீளும். பிறந்த எஞ்சினோடு இன்றும் இருக்கும் கார் குறைவு.

இதில் ஒரு சிக்கல் வேறு. 1970 செவெலின் வண்டி எண்ணிலிருந்து அது வி-8 கார் என்பது தெரியும். எந்த வி-8 என்பது தெரியாது. எஞ்சினைக் குறிக்கும் எழுத்து செவ்ரலே வண்டி எண்ணில் 1972-இல்தான் வந்தது. காரைக் கட்டும்போது ஆலையில் வைத்த பில்ட் ஷீட் என்ற தாள் பெட்ரோல் டேங்க்கின் முதுகிலோ சீட் ஸ்பிரிங்கிலோ எலிக்கும் ஈரத்துக்கும் தப்பியிருந்தால் அது அதிர்ஷ்டம். மற்றபடி, இந்த கார் உண்மையான எல்எஸ்6 கார்தானா என்பதற்கு எஞ்சினே முதல் சாட்சி. அதனால்தான் பொய்ச்சாட்சிகளும் அதிகம்.

அந்தச் சாட்சியம் பிளாக்கின் முன்பக்கம், வலதுபக்க ஹெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு தட்டையான இடத்தில் இருக்கிறது. 'டி0212சிஆர்வி' என்று குத்தியிருக்கிறது என்று வையுங்கள். டி என்பது நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா எஞ்சின் ஆலை. 0212 என்றால் பிப்ரவரி 12. சிஆர்வி, கையால் கியர் மாற்றும் செவெலுக்கான எல்எஸ்6. வருஷம் இதில் இல்லை. அது பக்கத்தில் குத்தியிருக்கும் வண்டி எண்ணின் சுருக்கத்தில் வரும்: செவ்ரலேக்கு 1, 1970-க்கு 0, பால்டிமோர் ஆலை என்றால் பி, பிறகு வரிசை எண்.

எண்ணை வாசிக்க யாருக்கும் வரும். எண் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் கலை இருக்கிறது. முதல் குறியை எஞ்சின் ஆலையில் ஒருவர் குத்தினார். இரண்டாவதைப் பல நூறு மைல் தள்ளி, கார் கட்டும் ஆலையில் வேறொருவர், வேறு அச்சால், வேறு அவசரத்தில் குத்தினார். இரண்டும் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே ஒழுங்கு என்றால் ஒரே ஆள் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து அடித்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அதைவிட நம்பகமான அடையாளம் எண்களுக்கு அடியில் இருக்கிறது. ஹெட் உட்காரும் தளத்தை ஆலையில் பிரம்மாண்டமான ஒரு சீவுகருவி ஒரே இழுப்பில் சீவியது. அது விட்டுப்போன நேர்கோடுகள், முடியிழை போல மெல்லியவை, முன்னும் பின்னுமாக ஒரே திசையில் ஓடும். பிற்காலத்தில் யாராவது அந்தத் தளத்தை மறுபடி கடைந்திருந்தால் அங்கே வில்வளைவான சுழிகள் இருக்கும். அல்லது ஒன்றுமே இல்லாத வழவழப்பு. உப்புத்தாளால் தேய்த்துப் போலிக் கோடு இழுப்பவர்களும் உண்டு. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் அந்தக் கோடுகள் எழுத்தின் பள்ளத்துக்குக் கீழே போகின்றனவா, எழுத்தைச் சுற்றித் தயங்கி நிற்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

தேதிகளும் பேசும். பிளாக்கில் இரும்போடு சேர்த்து வார்த்த தேதி ஒன்று புடைத்திருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, நாள், வருஷத்தின் கடைசி எண். 'பி-5-0' என்றால் பிப்ரவரி 5, 1970. வார்ப்பு முதலில், எஞ்சின் கோப்பு அடுத்து, கார் கட்டியது கடைசியில். வார்ப்பதற்கு முன்பே பூட்டி முடித்த அதிசய எஞ்சின்களும் சந்தைக்கு வருவதுண்டு. வார்ப்பு எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. 3963512 என்ற எண் எல்எஸ்6-க்கு உரியதுதான். ஆனால் எல்எஸ்5-க்கும், 427 கன அங்குல எஞ்சினுக்கும் அதே வார்ப்பு. 427-க்கும் 454-க்கும் போர் அளவு ஒன்றே, 4.251 அங்குலம், வேறுபாடு ஸ்ட்ரோக்கில். ஆயில் பேனைக் கழற்றி, கேப்புக்கு இரண்டு போல்ட்டா நாலு போல்ட்டா என்று எண்ணிப் பார்க்காமல் காசு எண்ணக் கூடாது.

இதுவரை சொன்னது இரும்பின் அடையாளம். இரும்பின் ஆயுள் வேறு கணக்கு, எனக்கு அதில்தான் ருசி அதிகம். கார்புரேட்டர், கேம், பிஸ்டன் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கும். அன்றைய பிளாக்கை இன்று வார்க்க முடியாது. ஆகவே எஞ்சின் இதுவரை எவ்வளவு ஓடியது என்று கேட்பதைவிட, இன்னும் எத்தனை முறை கடையலாம் என்று கேட்பதே சரி. ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில் சிலிண்டர் சுவர் அதிகம் தேயும்; அதற்கு மேல் தேயாத இரும்பு ஒரு வரம்பாக நிற்கும். விரல் நகத்தை உரசினால் தட்டும். நகம் நன்றாகச் சிக்கினால் ரீபோர் நிச்சயம். பிஸ்டன் தலையில் 030 என்று இருந்தால், ஆயிரத்தில் 30 பங்கு அங்குலம் ஏற்கனவே கடைந்தாகிவிட்டது; 060 என்றால் பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் எண்ணே முடிவல்ல. வார்க்கும்போது அச்சுக்குள் மணல் கரு சற்று நகர்ந்திருந்தால் சிலிண்டர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருக்கும். ஒலியலை மீட்டரை வைத்துச் சுவரின் தடிமனை நாலு பக்கமும் அளந்தால், 60 கடைந்த ஒரு பிளாக், கடையாத இன்னொன்றைவிடத் திடமாக இருப்பதும் தெரியவரும். குளிர்நாட்டில் உறைதடுப்பான் ஊற்றாமல் விட்ட எஞ்சினில் தண்ணீர் பனியாகி விரிந்து பிளாக்கைப் பிளந்திருக்கும். பெயின்ட் அடிக்க ஆசைப்படும் இடம் பெரும்பாலும் அதுதான்.

அடையாளமும் ஆயுளும் மோதும் இடம் ஒன்று உண்டு. நேர்மையான லேத்காரர், ஹெட் தளம் கோணியிருந்தால் அதைச் சீவிச் சமப்படுத்துவார். தொழில்முறையில் அது சரியான வேலை. எஞ்சின் நன்றாக மூடி நன்றாக ஓடும். அதே சீவலில் முன்பக்கத்து எண்ணும் கோடும் பறந்துவிடும். 1980-களில் யாரும் பொருட்படுத்தாத அந்த வேலையால் இன்று காரின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. விஷயம் தெரிந்த பட்டறையில் எண் இருக்கும் அந்தத் தட்டையான இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சீவித் தருவார்கள். எண் அழிந்த பிளாக்கை எல்லாம் திருட்டு என்று எண்ணுவது அநியாயம். அழிந்த இடத்தில் புது எண் முளைத்திருந்தால்தான் திருட்டு.

ஓடும் நிலையில் எஞ்சின் கிடைத்தால் காது வேண்டும். எல்எஸ்6-இன் டாப்பெட் ஹைட்ராலிக் அல்ல, கெட்டி டாப்பெட். தையல் மெஷின் போல் மேலே தடதடக்கத்தான் செய்யும். புதியவர் அதற்குப் பயந்து விலையைக் குறைப்பார், கீழேயிருந்து வரும் கனத்த 'தொம்தொம்'மைக் கவனிக்கமாட்டார். அது கனெக்டிங் ராட் பேரிங் போன சத்தம். அடித்து உருவாக்கிய பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரியும் என்பதால் இடைவெளி தாராளமாக விட்டிருப்பார்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் அடிக்கும், சூடேறியதும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் யோசிக்கலாம். ஆகவே எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்துக் காத்திருக்கும் விற்பனைக்காரரிடம், ஆறட்டும் என்று உட்கார்ந்துவிடுவது நல்லது. அளவு பார்க்க லீக்-டவுன் சோதனையைவிட நல்லது இல்லை. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டு எங்கே சீறுகிறது என்று கேட்க வேண்டும்: கார்புரேட்டரில் என்றால் இன்டேக் வால்வ், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ், எண்ணெய் ஊற்றும் வாயில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்டோடு முடிந்தால் சந்தோஷம்.

கிரைஸ்லரின் 426 ஹெமியைச் சொல்லாமல் விட்டால் அதன் பக்தர்கள் கோபிப்பார்கள். 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டிக்கு வெற்றி தந்த எஞ்சின், 1966 முதல் 1971 வரை சாலைக் கார்களிலும் வந்தது. அரைக்கோள எரியறை, அதன் நடுவில் பிளக், அகன்ற வால்வ் கவரின் நடுவே இறங்கும் பிளக் ஒயர்கள். அழகு. 1971-இல் அந்த எஞ்சினோடு 11 மட்டுமே செய்த, 'குடா என்ற மாடலின் திறந்த கார்களில் ஒன்று 2014 ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த உயரத்தில் பேரிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, காகிதத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது.

என் பங்குக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 'சிஇ' என்று குத்திய பிளாக்கைக் கேட்பேன். உத்தரவாதக் காலத்திலேயே எஞ்சின் உடைந்தவர்களுக்கு செவ்ரலே மாற்றாகக் கொடுத்தவை அவை. இரும்பு அதே ஆலையின் இரும்பு. எந்தக் காரின் எண்ணோடும் பொருந்தாது, அதனால் சந்தை முகம் சுளித்து விலையைக் குறைக்கிறது. யாரோ ஒருவர் புதுக்காரை வாங்கிய சூட்டோடு அதை எதற்காகச் செய்தார்களோ அப்படியே ஓட்டித் தீர்த்தார் என்பதற்கு அந்த இரண்டு எழுத்தைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. சுவர் தடிமனும் நாலு போல்ட்டும் சரியாக இருந்தால், விற்பவர் கேட்பதற்குக் கொஞ்சம் மேலேயே கொடுக்கலாம்.