மொன்றியலின் கணக்குப் புத்தகங்கள்

அடிமைகளுக்குப் புகலிடம் தந்த நாடு கனடா என்ற கூற்று பள்ளிப் பாடத்திலிருந்து குடியுரிமைத் தேர்வுக் கையேடு வரை பரவியிருக்கிறது. அந்தக் கையேட்டைப் படித்துத் தேர்வெழுதிய நம்மவர்களுக்கு 1793-இல் மேல் கனடாவில் சிம்கோ கொண்டுவந்த சட்டம் தெரியும். அன்று அடிமையாக இருந்த ஒருவரைக்கூட அது விடுவிக்கவில்லை, கியூபெக்கை அது தொடவே இல்லை என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த மறதி பழையது. புதிய பிரான்சின் அரசும் திருச்சபையும் அடிமை முறையை அண்டவிடவில்லை என்று 19-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் பிரான்சுவா-சேவியர் கார்னோ எழுதினார். ஆனால் வாங்கியவருக்கே அடிமை முழு உடைமை என்று 1709-இலேயே அங்கிருந்த அரச நிர்வாகி ரோடோ ஆணை பிறப்பித்திருந்தார். விஜேயும் லாஃபோன்டேனும் திரட்டிய அடிமை முறை ஆவணங்கள் 1859-இல் அச்சான பிறகும் கார்னோவின் இதமான பொய்யே வாழ்ந்தது.

அதை உடைத்தவர் வரலாற்றாசிரியர் மார்செல் த்ருடெல். 1960-இல் வந்த அவருடைய நூலுக்கு இன்றும் உரிய மரியாதை கிடைக்கவில்லை. திருச்சபைப் பதிவேடுகளையும் நொத்தாரிசு ஆவணங்களையும் துருவி, அந்த நூலிலும் பின்வந்த ஆய்விலுமாக ஏறக்குறைய 4,200 அடிமைகளை அவர் அடையாளம் கண்டார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினர். சுமார் 1,400 பேர் ஆப்பிரிக்க வம்சத்தினர். ஆயினும், வீட்டோடு வளர்ந்த பிள்ளைகள்போல் அவர்கள் நடத்தப்பட்டார்கள் என்று அவரே சமாதானமும் சொன்னார். பழங்குடி அடிமைகள் சராசரியாகப் பதினெட்டு வயதை எட்டுமுன்னும், ஆப்பிரிக்கர்கள் இருபத்தைந்து வயதளவிலும் இறந்ததாக அவருடைய கணக்கே காட்டுகிறது. அந்தச் சமாதானத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

அதன் பிறகு ஆய்வின் கவனம் மாரி-ஜோசஃப் ஆஞ்செலிக் மீது குவிந்தது. மடெய்ராவில் பிறந்த இந்தக் கறுப்பின அடிமைப் பெண், 1734 ஏப்ரலில் மொன்றியலில் 46 கட்டடங்களை அழித்த தீக்குக் குற்றவாளியாக்கப்பட்டு, ஜூனில் தூக்கிலிடப்பட்டார். தீ வைத்தது எதிர்ப்பின் செயல் என்று 2006-இல் ஆஃபுவா கூப்பர் வாதாடினார். டெனிஸ் போக்ராண்ட்-ஷாம்பாஞ் ஆஞ்செலிக் குற்றவாளிதானா என்றே ஐயப்பட்டார். இரண்டும் மதிக்கத்தக்க உழைப்பு. எனினும் தீ வைத்தாரா இல்லையா என்ற கேள்வி, வழக்கேட்டில் கிடக்கும் வேறொன்றை மறைத்துவிட்டது. தீக்கு முன்பே அவருடைய எஜமானி, விதவை ஃபிராங்ஷவில், அவரை 600 இறாத்தல் வெடிமருந்துக்கு விற்க ஏற்பாடு செய்திருந்தார். வாங்கவிருந்தவர் குஞே. எஜமானியின் காலஞ்சென்ற கணவர் தொடங்கிய செயின்ட்-மொரிஸ் இரும்பு உலையில் பங்காளி. கனடாவின் முதல் கனரகத் தொழிலின் முதலாளிகளிடையே ஒரு பெண் பண்டமாகக் கைமாறவிருந்தாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அட்லாண்டிக்கில் கப்பலேற்றப்பட்ட 1.25 கோடிப் பேருக்கு முன்னால் 1,400 எம்மாத்திரம் என்று கேட்பவர்கள் உண்டு. 1,400 என்ற எண் இங்கே வந்து சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் வயிற்றுக்குப் போன மட்டரக உப்புக் கருவாடு வட அட்லாண்டிக் கரையிலிருந்தே சென்றது. சர்க்கரையும் ரம்மும் பதிலுக்கு வந்தன. அடிமைகளை வைத்திருந்த ஜேம்ஸ் மக்கில், மென்மயிர்த் தோல் வணிகத்தோடு இந்தச் சரக்குகளையும் விற்றவர். 1813-இல் அவர் விட்டுச்சென்ற பணத்தில் பிறந்ததே மக்கில் பல்கலைக்கழகம். பழங்குடியினரே பெரும்பான்மை, எனவே இது ஆப்பிரிக்காவின் கதை அல்ல என்ற வாதமும் இங்கே தளர்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அள்ளிச் செல்லப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். அங்கோலாவின் ஊர்களில் பெண்களே மிஞ்சினார்கள். அந்த இழப்பில் விளைந்த சர்க்கரை மொன்றியலின் கடைத்தெருவுக்கும் வந்தது.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் 1907-இல் திறந்த மக்டொனால்ட் கல்லூரியையும் இந்த நோக்கில் ஆராய வேண்டும். அதற்குப் பணம் தந்த வில்லியம் மக்டொனால்ட் 1858-இல் மொன்றியலில் புகையிலைத் தொழில் தொடங்கியவர். அமெரிக்கத் தென்பகுதியின் புகையிலை அன்று அடிமை உழைப்பில் விளைந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834-இலேயே ஒழிந்துவிட்டதே என்பார்கள். சட்டம் ஒழித்தது உடைமை உரிமையை. இலையை விலைக்கு வாங்குவதை அது தடுக்கவில்லை. தீ வைத்தது யார் என்ற விசாரணையை இனி நிறுத்திக்கொண்டு, ஆய்வாளர்கள் வணிகர்களின் பேரேடுகளையும் சரக்குக் கப்பல்களின் பட்டியல்களையும் அறக்கொடைகளின் மூலத்தையும் திறக்க வேண்டும்.