சரளி வரிசை காதை எவ்வளவு தூரம் பழக்குகிறது?

கர்நாடக இசையில் செவிப் பயிற்சிக்கென்று தனி வகுப்பு கிடையாது. சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளும் அலங்காரங்களுமே அந்த வேலையைச் செய்கின்றன. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்லும் இந்த வரிசைமுறைதான் மதுரை அரசு இசைக் கல்லூரிக்கும் நகரத்துத் தெருக்களில் மாலையில் நடக்கும் பாட்டு வகுப்புகளுக்கும் பொதுவான தொடக்கம். மேளகர்த்தா எனும் தாய் ராக அட்டவணை, தாள வகைகள், ராக லட்சணம் ஆகிய கோட்பாட்டுப் பாடங்கள் வேறொரு வேளையில், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவையாக வருகின்றன. தொண்டைக்கு ஒரு பாடம், மனப்பாடத்துக்கு ஒரு பாடம் என்று இரண்டும் ஒட்டாமல் போவதே இம்முறையின் பெரிய குறை.

அதன் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். தொடக்கப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தது கூர்மையான முடிவு. சட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் அரைச்சுரம். அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு மூன்று அரைச்சுரத் தாண்டல். பிறகு சுத்த மத்யமம் மறுபடி அரைச்சுரம். மிகக் குறுகிய இடைவெளியும் அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து வருவதால் பிள்ளைக்கு இரண்டும் குழம்புவதில்லை. பஞ்சமத்துக்கு மேலும் இதே அமைப்பு என்பதால் கீழ்ப்பாதியில் பழகியதை மேற்பாதியில் காது தானே சரிபார்த்துக்கொள்ளும். இதனுடன் கையில் தாளம், மூன்று காலம். ஒரே வரிசையை இரட்டித்தும் நாலாக்கியும் பாடுகிறவருக்கு லயம் உடம்பில் இறங்கிவிடுகிறது. இந்த அளவில் லயத்தை அடித்தளமாக்கிய பயிற்சிமுறைகள் உலகில் குறைவு. சட்ஜம் நிலையாக ஓரிடத்தில் கட்டுண்டதல்ல என்பது இன்னொரு பலம். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணுக்கும் ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணுக்கும் காந்தாரம் காந்தாரமே. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வனும் பின்னர் ஹங்கேரியில் கோடாயும் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பரப்பிய ‘நகரும் டோ’ முறையின் அடிப்படை இங்கே கேட்காமலே கிடைத்திருக்கிறது.

குறை, சுரங்களுக்கு இடையே நடக்கும் விதத்தில் இருக்கிறது. சரளி வரிசை படிப்படியாக ஏறி இறங்குவது. அதில் தேர்ந்த மாணவரைத் திடீரென்று ‘நிஷாதம் பாடு’ என்றால் சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் அங்கே போய்ச் சேர்வார். அவருக்கு வந்திருப்பது சுரம் அல்ல, வரிசை. தாண்டல்களைப் பழக்கத் தாட்டு வரிசை இருக்கிறது. ஆனால் கீதத்துக்கும் வர்ணத்துக்கும் சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரத்தில் பல வகுப்புகளில் வெட்டுப்படுவது அதுதான். (மேடையில் பிள்ளை ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கும் இதில் பங்குண்டு.)

இன்னொரு சிக்கல் ‘ரி’ என்ற எழுத்து. சுத்தம், சதுஸ்ருதி, ஷட்ஸ்ருதி என்று ரிஷபம் மூன்று; பாடும்போது மூன்றுக்கும் ஒரே எழுத்து. வேங்கடமகி மரபின் மேளகர்த்தாக் கோட்பாடு ர, ரி, ரு என்றும் க, கி, கு என்றும் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. காதுக்கு இதைவிட நல்ல கருவி அமையாது. ஆயினும் அது எழுத்துத் தேர்வுக்கான செய்தியாகவே நின்றுவிட்டது. கரகரப்பிரியாவைத் தொடங்கும் மாணவரிடம், இதுவரை பாடிய ரிஷபம் வேறு, இனிப் பாடப்போகும் ரிஷபம் வேறு என்று நாவுக்குத் தெரியும்படி யாரும் சொல்வதில்லை.

கோட்பாட்டு வகுப்பின் நிலை இதற்கு நேர்மாறு. ஆறு ரி–க இணைகள், ஆறு த–நி இணைகள், இரண்டு மத்யமங்கள் சேர்ந்து 72 மேளங்கள் என்ற கட்டமைப்பு அழகானது. இசையின் சாத்தியங்களை இவ்வளவு சிக்கனமாக வரிசைப்படுத்திய கணக்குகள் அரிது. மேளப் பெயரின் முதலிரு எழுத்துகளை எண்ணாக்கும் கடபயாதி முறையில், மாயாமாளவகௌளையின் ‘மா’வுக்கு ஐந்து, ‘யா’வுக்கு ஒன்று, திருப்பிப் போட்டால் பதினைந்து என்று மாணவர் நொடியில் சொல்லிவிடுவார். பதினைந்தாவது மேளத்தையும் நிஷாதம் மட்டும் மாறும் பதினான்காவதையும் கேட்டுப் பிரித்தறியச் சொன்னால் தடுமாறுவார். தாளில் கணக்கிடத் தெரிந்ததை ஒலியில் அடையாளம் காணும் பயிற்சி எங்கும் இல்லை.

வீட்டுப் பயிற்சியில் கீபோர்டு புகுந்தது வேறு வகைக் கேடு. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் சட்ஜத் தந்தியின் அதிர்விலிருந்தே அந்தர காந்தாரம் மெல்ல எழும். கீபோர்டின் சமப் பங்கீட்டில் அதே சுரம் சுமார் 14 சென்ட் உயர்ந்திருக்கும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். கட்டையை அழுத்திச் சுரம் பிடிக்கும் பிள்ளை தம்புராவோடு சேராத காந்தாரத்தைச் சரியென்று பழகிக்கொள்கிறது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தடை செய்ததற்குப் பின்னால் இருந்த வாதங்களில் இதுவும் ஒன்று. சுரத்தை அசைத்து ஒலிக்கும் கமகம் அதில் வராது என்பது மற்றொன்று.

அந்த ஆர்மோனியமே இன்னொரு வகையில் காதைத் தீட்டியிருக்கிறது என்பதற்கும் மதுரையே சாட்சி. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் நடக்கும் ‘வள்ளி திருமணம்’ போன்ற ஸ்பெஷல் நாடகங்களில் நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது, அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. நடிகர் விருத்தம் எடுத்ததும் கட்டையையும் ராகத்தையும் பிடித்துத் தொடர வேண்டியவர் ஆர்மோனியம் வாசிக்கும் பின்பாட்டுக்காரர். எந்தத் தேர்வும் சோதிக்காத இந்தத் திறமை விடிய விடிய மேடையில் சோதிக்கப்படுகிறது.

செவிவழியாகவே கற்கும் இன்னொரு மரபு நாட்டுப்புறப் பாட்டு; மதுரையை ஒட்டிய பரவையின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுபோன பாடகி முனியம்மா அந்த மேடையிலிருந்து வந்தவர். நாட்டுப்புற மரபில் பாட்டு முழுதாகவே காதுக்கு வருகிறது, சுரமாகப் பிரிவதில்லை. சொல்லும் தாளமும் மெட்டும் ஒன்றாகப் பதிவதால் ஞாபகம் உறுதி. பாடும்போதே அடியை நீட்டவும் புதுச்சொல் சேர்க்கவும் துணிவு வருகிறது. ஆனால் பாட்டைப் பகுத்துப் பேசும் மொழி அமையாததால், முன்பின் தெரியாத வாத்தியக்காரரிடம் ‘இங்கே மாற்று’ என்று சொல்லப் பாடிக்காட்டுவது தவிர வழியில்லை.

பகுத்துப் பேசும் மொழியைக் காதுக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டவர் இளையராஜா. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர், சென்னை வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறியீடும் ஹார்மனியும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வும் எழுதினார். வாத்தியத்தைத் தொடாமலே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதும் அவரது பழக்கம், உள்ளே கேட்பது தாளில் எழுத்தாகும் நிலை. ஒரு மேதையை வைத்துப் பாடத்திட்டம் வகுக்க முடியாது. எனினும் அவரிடம் கோட்பாடு, ஏற்கெனவே கேட்டறிந்தவற்றுக்குப் பெயராக வந்தது என்பது கவனிக்கத் தக்கது.

மேற்கத்திய இசைக்கு லண்டனின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பு நடத்தும் செய்முறைத் தேர்வுகளில் முதல் கிரேடிலேயே செவித் தேர்வு உண்டு: கேட்ட மெட்டைத் திருப்பிப் பாடுதல், இரண்டாம் முறை வாசிக்கும்போது எங்கே மாறியது என்று சொல்லுதல். இதையும் கடைசி மாதத்தில் ஒப்பேற்றிவிடும் மாணவர்கள் உண்டு. கர்நாடக இசை வகுப்பில் இதற்கு இணையானதைச் சேர்க்கப் பெரிய செலவில்லை: ர, ரி, ரு என்றே பாடவைப்பது, தாட்டு வரிசையை முழுதாக நடத்துவது, வாரம் ஒருமுறை நாலைந்து சுரங்களைக் கேட்டு எழுதச் சொல்வது. மோகனம், ஹம்சத்வனி போன்றவற்றில் இது நன்றாக நடக்கும். தோடியில் நடக்காது. அங்கே காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்தை நோக்கியும் மத்யமத்தை நோக்கியும் அசைந்துகொண்டே இருக்கும். மேளகர்த்தா அட்டவணை காட்டும் சாதாரண காந்தாரத்தை அப்படியே நிறுத்திப் பாடினால் அது தோடி ஆகாது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்குத் தனிக் குறிகள் தந்தது. அந்தக் குறிகளும், தோடியை ஆசிரியர் பாடக் கேட்டுப் பலமுறை திருப்பிப் பாடியவருக்கே பொருள் தருகின்றன.