போட் மெயில் டிக்கெட்
அந்தக் காலத்தில் போட் மெயில் ரயிலில் கொழும்புக்குப் போக ஒரே டிக்கெட் போதுமாக இருந்தது; ரயில், கப்பல், அக்கரை ரயில் மூன்றும் அதில் அடக்கம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரிலிருந்து வந்த இந்த வண்டி கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகத் தனுஷ்கோடி சேரும். ரயிலடிக்குப் பக்கத்திலேயே கப்பல் துறை. வார் போட்டு இறுக்கிய ஹோல்டால், கூஜா, தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் என்று இறங்குகிற குடும்பத்துக்கு அதைவிட என்ன வேண்டும்! கடல் சுமார் 35 கிலோமீட்டர். அக்கரையில், தலைமன்னாரில், இன்னொரு இரவு வண்டி. இந்தியப் பக்கம் மீட்டர் பாதை, இலங்கையில் அகலப் பாதை. இரண்டாம் இரவில் பெட்டி சற்றுத் தாராளம். டிக்கெட்டில் அச்சிடாத சலுகை அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980-களில் அதுவும் நின்றது.