ஒண்ணுமே இல்லாததோடு ஒப்பிட்டால் எல்லாமே ஜெயிக்கும்

மருத்துவம், செவிலியம் கற்பிப்பதில் தொழில்நுட்பத்தின் பங்கு பற்றி வரும் கட்டுரைகளில் ஒரே வாக்கியம் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். ஆன்லைன் பாடம் பலன் தருகிறது. சிமுலேஷன் பலன் தருகிறது. பொய் இல்லை. ஆனால் எதோடு ஒப்பிட்டு? சாஃப்ட்வேர் வேலையில் ஒருத்தர் புது டேட்டாபேஸ் வேகமா ஓடுதுன்னு சொன்னால் முதல் கேள்வி "எதைவிட?" என்பதுதான். கல்வி ஆய்வுகளை எடுத்துக்காட்டுபவர்கள் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2008-இல் டேவிட் குக் குழுவினர் ஜாமா இதழில் ஒரு மெட்டா அனாலிசிஸ் வெளியிட்டார்கள். இணையவழி மருத்துவக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளின் தொகுப்பு அது. பாடமே நடத்தாத நிலையோடு ஒப்பிட்டால், அறிவுத் தேர்வில் இணையப் பாடத்தின் விளைவளவு 1.00. அதாவது, இணையத்தில் படித்த சராசரி மாணவர், படிக்காத 100 பேரில் சுமார் 84 பேரைத் தாண்டி நிற்பார். பிரமாதம். அதே பாடத்தை வகுப்பறை மாதிரியான வேறு வழிகளோடு ஒப்பிட்டால் விளைவளவு 0.12. இப்போது அவர் தாண்டுவது 100-க்கு 55 பேரைத்தான். சும்மா நின்றாலே 50 பேரைத் தாண்டியிருப்பார்.

இரண்டும் ஒரே கட்டுரையின் எண்கள். விற்பனை மேடையில் ஏறுவது முதல் எண் மட்டும். பாடம் நடத்தினால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. இணையத்தைப் பற்றி அது சொல்வது ரொம்பக் குறைவு. குக் மீது எனக்குக் குறை இல்லை. ஒன்றுமில்லாததோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள் என்று தொடர்ந்து எழுதியவரே அவர்தான்.

சரி, கருவி எவ்வளவு தத்ரூபமாக இருக்கவேண்டும்? 2002-இல் டொரன்டோவில் நடந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்கோப் செலுத்திக் கல் எடுக்கும் யூரெட்டெரோஸ்கோப்பியை, கடைசி வருட மருத்துவ மாணவர்கள் 40 பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் விரிவுரை. இன்னொன்றுக்கு 3,700 கனடிய டாலர் மாடல். மூன்றாவதுக்குக் கவிழ்த்த கப், லேட்டக்ஸ், இரண்டு ஸ்ட்ரா ஆகியவற்றை வைத்துச் செய்த 20 டாலர் மாடல். கையால் பழகிய இரண்டு குழுக்களும் விரிவுரைக் குழுவைத் தெளிவாக முந்தின. அந்த இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதையும் சந்தேகத்தோடுதான் படிக்கணும். 40 பேர் சின்ன எண்ணிக்கை. தேர்வு நடந்ததும் நோயாளியிடம் இல்லை, மாடலில்தான். "வித்தியாசம் தெரியவில்லை" என்பதும் "வித்தியாசமே இல்லை" என்பதும் ஒன்றல்ல. ஆனாலும் 2012-இல் ஜெஃப் நார்மன் குழுவினர் இப்படிப்பட்ட 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே முடிவுதான் வந்தது.

இதெல்லாம் பரீட்சை மார்க் விவகாரம். உயிர் விவகாரம் தான்சானியாவின் ஹைடொம் மருத்துவமனையில் இருக்கிறது. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் உதவுவதற்கான பயிற்சி, 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்'. பயன்படுத்துவது தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் எளிய பொம்மை. 2010-இல் அங்கே ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். சில மாதம் கழித்துச் சோதித்தால், பொம்மையிடம் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் நிஜக் குழந்தைகளிடம் கவனித்தால், செய்முறையில் முன்னேற்றம் இல்லை.

இங்கேதான் நான் அந்தக் குழுவைப் பாராட்டுவேன். பொம்மையிடம் வந்த மார்க்கோடு கட்டுரையை முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. பணியிடத்திலேயே, வாரம் ஒருமுறை, 3 முதல் 5 நிமிடம் மட்டும் பயிற்சி என்று மாற்றினார்கள். முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1,000-க்கு 11.1-இலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. இது முன்-பின் ஒப்பீடு. கட்டுப்பாட்டுக் குழு இல்லை. வேறு காரணங்களும் கூடவே வேலை செய்திருக்கலாம். ஆனால் வந்த மாற்றத்துக்குப் பொம்மையைக் காரணம் சொல்ல முடியாது, அது அதே பொம்மைதான். மாறியது கால அட்டவணை.

அப்போ தொழில்நுட்பமே வேண்டாமா? அப்படியில்லை. மனிதக் கண்ணால் அளக்க முடியாததை அது அளந்து சொல்லும்போது அதற்கு நல்ல வேலை இருக்கிறது. சிபிஆர் செய்யும்போது பெரியவர்களின் மார்பை 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தணும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரால் 4 செ.மீ.யையும் 5 செ.மீ.யையும் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். பொம்மைக்குள் இருக்கும் சென்சார் சொல்லிவிடும். அங்கே காசு செலவழிப்பதில் அர்த்தம் இருக்கு. முகம் மனித முகம் மாதிரி இருக்கா, கண் சிமிட்டுதா என்பதற்குச் செலவழிப்பது வேறு கணக்கு.

இந்தியாவில் 2019-இல் வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் கீழ் கல்லூரிகளில் திறன் ஆய்வகம் இருந்தாகணும். நல்ல விதி. ஆனால் எந்த ஆய்வகத்திலும் எளிதாகச் சரிபார்க்க முடிந்தது கருவி இருக்கா என்பதுதான். ஒரு மாணவர் அந்தக் கருவியை எத்தனை தடவை தொட்டார், செய்த தப்பை யார் எப்போது சொன்னார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி செய்தாரா என்பதைச் சரிபார்க்கப் பதிவு வேண்டும். தேதி, பெயர், என்ன செய்தார், என்ன திருத்தம் என்று ஒரு சாதாரண விரிதாளே போதும். கருவி வாங்கும் கோப்போடு இந்த விரிதாளையும் கேட்கும் கல்லூரி நிர்வாகம்தான், என் பார்வையில், தொழில்நுட்பத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறது.