ஆள்தேவைக் கணிப்பு: எங்கே பலிக்கிறது, எங்கே பொய்க்கிறது?

பத்தாண்டு கழித்து எந்தத் துறையில், எந்த வேலைக்கு, என்ன படித்தவர்கள் எத்தனை பேர் தேவைப்படுவார்கள்? 1960களில் ஸ்பெயின், துருக்கி உள்ளிட்ட ஆறு நாடுகளுக்காக வகுக்கப்பட்ட மத்தியதரைக்கடல் வட்டாரத் திட்டம் இதற்கு ஒரு வழிமுறையைத் தந்தது. துறையின் உற்பத்தி இலக்கை ஒரு தொழிலாளியின் சராசரி உற்பத்தியால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை வரும். அதைப் பணிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பணிக்கும் ஒரு படிப்பைப் பொருத்தினால் கல்லூரி இடங்களின் கணக்கு தயார். இந்தியாவில் கோத்தாரி கல்விக் குழுவும் (1964–66) இத்தகைய கணிப்பைக் கையாண்டது.

இதன் பலம் மறுக்க முடியாதது. மருத்துவரை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். தட்டுப்பாடு வந்தபின் யோசித்துப் பயனில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் தேவையையும் ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிக்கு வரப்போகும் குழந்தைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதைச் சட்டம் சொல்கிறது.

சந்தை தீர்மானிக்கும் துறைகளில்தான் கணக்கு உதைக்கிறது. ஒரு லட்சம் பேர் வேலை செய்யும் ஒரு துறையின் உற்பத்தி ஆண்டுக்கு 6 சதவீதமும், தொழிலாளர் உற்பத்தித்திறன் 4 சதவீதமும் உயர்வதாகக் கொள்வோம். பத்தாண்டில் புதிதாகச் சுமார் 21 ஆயிரம் பேர் வேண்டும். உற்பத்தித்திறன் 5 சதவீதம் உயர்ந்துவிட்டால், 10 ஆயிரம் பேரே போதும். ஒரு சதவீதப் புள்ளி பிசகினால் தேவை பாதியாகிவிடுகிறது.

படிப்பைப் பொருத்தும் இடம் இன்னும் பலவீனமானது. தமிழ்நாடு அரசின் குரூப் 4 பணிகள் பலவற்றுக்குப் பத்தாம் வகுப்பு போதும். பொறியியல் பட்டதாரிகளும் அதற்கான தேர்வை எழுதி வேலைக்கு வருகிறார்கள். இருப்பவர்களின் சான்றிதழ்களை எண்ணிக் கணித்தால், இளநிலை உதவியாளர் வேலைக்குப் பொறியாளர் தேவை என்றாகிவிடும். வேலையில்லாத் திண்டாட்டமே அங்கே தேவையாக வேடம் கட்டுகிறது.

கணிப்பு பொய்த்ததற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. இங்கே 1960களில் தொழில் வளர்ச்சியை நம்பிப் பொறியியல் இடங்கள் பெருக்கப்பட்டன. வறட்சியும் தொழில் மந்தமும் வந்தபோது, தசாப்தத்தின் இறுதியில் பொறியாளர்கள் வேலையின்றி நின்றார்கள், சேர்க்கை குறைக்கப்பட்டது.

ஆகவே, பயிற்சிக்காலம் நீண்டு, தேவையை அரசே நிர்ணயிக்கும் பணிகளுக்கு இந்தக் கணிப்பைக் கொண்டு இடங்களை ஒதுக்கலாம். மற்றவற்றுக்கு ஒற்றை எண்ணைத் தவிர்த்து, குறைந்த, உயர்ந்த எல்லைகளைச் சொல்லி, அடிக்கடி திருத்த வேண்டும். அங்கே படிப்பும் குறுகிய சிறப்புப் பிரிவுகளாகச் சிதறாமல், வேலை மாறினாலும் கைகொடுக்கும் அடிப்படையைத் தர வேண்டும்.