இடதும் வலதும் ஊருக்குள்ளேதான்

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் இடதுசாரி அரசியல் வகுப்புக்குப் போயிருந்தேன். தோழர் ஒருவர் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். ஒரு முனையில் இடது, மறுமுனையில் வலது. உலகத்துக் கட்சிகளெல்லாம் அந்தக் கோட்டில் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டன. 'சேரி இதுல எங்க தோழர் வருது?' என்று கேட்டேன். 'அது வர்க்கத்துக்குள்ள அடங்கிடும்' என்றார். நல்ல மனுசர், ஜெயிலுக்குப் போனவர். சில வருசம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். பந்தலெல்லாம் செங்கொடித் தோரணம். பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் அவருடைய சாதி. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் வழக்கு அந்தக் கோட்டின் மேல்தான்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? 1789இல் பிரான்சின் தேசிய சபையில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசனுக்கு வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் திரண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மண்டபத்து நாற்காலி வரிசை உலக அரசியலின் அளவுகோலாகிப் போனது. அந்தச் சபையில் பெண்கள் உறுப்பினர்களாக இல்லை. பிரான்சுக்குச் சர்க்கரை விளைத்துக் கொடுத்த சான் தொமிங்குத் தீவின் கறுப்பின அடிமைகளும் இல்லை. அவர்கள் 1791இல் கலகம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான், 1794இல், பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பவும் கொண்டுவந்தார். சபைக்குள் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் பார்த்தால் இந்தச் சரித்திரம் கண்ணில் படுமா?

தமிழ்நாட்டுக்கு இடது, வலது ஒன்றும் புதுச் சரக்கில்லை. சோழர் கல்வெட்டுக் காலத்திலிருந்தே இங்கே இடங்கை, வலங்கை இருந்தது. அது சாதிகளின் அணிவகுப்பு. வேளாளரும் அவர்களைச் சார்ந்தவர்களும் வலங்கை. கம்மாளரும் சில வணிகச் சாதிகளும் இடங்கை. சென்னைப் பட்டணத்தில் 1652இலும் 1707இலும் இரண்டு அணிகளும் மோதிக்கொண்டன. எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம், யார் கொடி என்பதெல்லாம் அன்றைக்குப் பெரிய வழக்கு. பறையர் வலங்கையில் இருந்தார்கள். பள்ளர் இடங்கையில் இருந்தார்கள். அடிதடிக்கு முன்வரிசையில் நிற்க நம்ம ஆளுங்க தேவைப்பட்டார்கள். சண்டை முடிந்ததும் எந்தக் கையும் அவர்களைத் தெருவுக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு கைக்கும் அடியாள், இரண்டு கைக்கும் தீண்டாதவர். கட்சி மேடைகளில் இடது, வலது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வருகிறது.

வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், வயசாளிகள்; எல்லாரும் சேரிச் சனங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள், அதுதான் குற்றம். 1973இல் உயர்நீதிமன்றம் நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லையாம்! பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் என்கிற கோட்டில் இதை எங்கே வைப்பது? எரித்த கூட்டத்தின் தலைவர் பார்ப்பனரல்லாதவர். ஆட்சியில் இருந்தது 1967இல் வந்த முதல் திராவிட அரசு.

இலக்கியம் என்ன செய்தது? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் காரணத்தைத் தேடியது. 1977இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி பரிசும் கிடைத்தது. மார்க்சிய விமர்சகர்கள் அந்த நாவலைக் கண்டித்தார்கள், நியாயம்தான். ஆனால் அவர்கள் பதிலுக்கு வைத்த வாசிப்பில் 44 பேரும் 'விவசாயத் தொழிலாளர்'. சாதி அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் பண்ணையாரின் மனசு, இன்னொரு பக்கம் அரைப்படி நெல். கூலி கேட்டவர்கள் எல்லா ஊரிலும் அடி வாங்கியிருக்கிறார்கள். குடிசையோடு எரிக்கலாம் என்கிற தைரியம், குடிசைகள் தனியாக, சேரியாக, ஊருக்கு வெளியே இருந்ததால் வந்தது. அந்தச் சேரியை இரண்டு வாசிப்பிலும் காணோம்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைத்தால் நாம் நேர்மையற்றவர்கள். 1940களில் கீழத்தஞ்சைக்கு வந்து சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துப் பண்ணையாட்களைத் திரட்டியது சீனிவாசராவும் செங்கொடியும்தான். நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சங்கம். நடைமுறையில் சாதியோடு மோதிய ஒரு இயக்கம், எழுத்தில் மட்டும் வர்க்கம் என்று எழுதிக்கொண்டது. அதுதான் என் ஆதங்கம்.

அம்பேத்கர் இந்தச் சிக்கலை அப்பவே பார்த்துவிட்டார். 1936இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு என்றார்: பார்ப்பனியம், முதலாளியம். அதே வருசம் நவம்பர் 7இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். பம்பாய் மில்களில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தீண்டாதவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் அவர் விடாமல் கேட்டார். அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்த வேண்டுமே, எச்சில் தீட்டாச்சே! விரட்டியவர்கள் யார்? சக தொழிலாளிகள். இந்த அம்பேத்கரை இடது என்பீர்களா, வலது என்பீர்களா?

எனக்கு வேண்டியது வேறு ஒரு கோடு: ஊர், சேரி. எந்தக் கட்சி வந்தாலும் மூணு கேள்வி கேட்போம். நிலம் யார் கையில்? தெரு, குளம், சுடுகாடு யாருக்குத் திறந்திருக்கிறது? உன் வீட்டுக் கல்யாணம் எங்கே நடக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு முன்னால் சில நேரம் இடதுசாரிகள் தேறவும் செய்கிறார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சேரியைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அதற்காக முன்னின்றது மார்க்சிஸ்டுகள் பங்கெடுத்த தீண்டாமை ஒழிப்பு முன்னணி. கூலியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அந்தச் சுவர் அங்கேயேதான் நின்றிருக்கும்.

அதே கேள்விகள் நம்மையும் விடக்கூடாது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது முகம் சுளித்தவர்கள் நம்ம மத்தியிலும் இருந்தார்கள். மலம் அள்ளுகிற வேலையை யார் தலையில் கட்டிவிட்டு நாம் விடுதலை பேசுகிறோம்? நம் கூட்டங்களில் மேடையில் ஆம்பளைங்க, பாய் விரிக்கிறது பொம்பளைங்க என்றால், சேரிக்குள்ளும் ஊர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்தத் தோழரை இப்பவும் சந்திக்கிறேன். வெண்மணி நாளில் ஒரே ஊர்வலத்தில் நடக்கிறோம். 'அந்தக் கோட்டை அழிச்சிட்டியா?' என்று கேட்பார். அழிக்கவில்லை தோழர். அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு போடச் சொல்கிறேன். சாக்பீஸ் இந்தத் தடவை எங்க கையில இருக்கட்டும்.